9 லட்சத்துல 12 அடி சிலை கேக்குறாங்க, என்ன பண்றது?

கேள்வி: வணக்கம் அண்ணா. கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில சிற்பம் முடிச்சிட்டு நாலு வருஷமா கோயில் சுதை வேலை, ஸ்கூல்ல பார்ட் டைம் டிராயிங் டீச்சர்னு ஓடிட்டு இருக்கேன். இப்ப நாகப்பட்டினம் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல வெள்ளிவிழாவுக்கு சிலை செஞ்சு தரச் சொல்லி கூப்பிட்டிருக்காங்க. 12 அடி உயரம், மெயின் கேட் தாண்டி உள்ள இருக்கிற ரவுண்டானாவுல வைக்கணும். ஒரு பையனும் பொண்ணும் உலக உருண்டையை தூக்கி நிக்கணும், கீழ புத்தகம், பல்சக்கரம், மேல சேட்டிலைட், பீடத்துல காலமான நிறுவனரோட முகம். வெண்கலம் மாதிரி தெரியணும், ஃபைபர்ல பண்ணி கலர் அடிச்சாலும் ஓகேங்கறாங்க. எல்லாம் சேர்த்து 9 லட்சம். பீடத்தை அவங்க சிவில் காண்ட்ராக்டர் கட்டிடுவாராம். விழாவுக்கு மூணு மாசம்தான் இருக்கு. ரெண்டு மினியேச்சர் செஞ்சு கொடுத்துட்டேன், கமிட்டி பாத்துட்டு இருக்காங்க, அட்வான்ஸ் இன்னும் வரல. அங்கிருந்து கடல் மூணு கிலோமீட்டர். என்ன மெட்டீரியல்ல பண்ணலாம், காசு எப்படி கேக்குறது, டிசைனை மாத்தச் சொல்லலாமா, என் பேரு போட விடுவாங்களா? எனக்கு வந்த முதல் பெரிய வேலை, விட மனசு இல்ல.

பதில்:

தங்கச்சி, வேலையை விட வேண்டாம். ஆனா 12 அடியை விட்டுடுங்க. உங்க லெட்டரை படிச்சதும் எனக்கு முதல்ல கண்ணுல பட்டது அந்த நம்பர்தான், ஏன் 12, யாரு சொன்னது, எதை வச்சு சொன்னாங்கன்னு ஒரு வரி கூட அதுல இல்ல. பெரும்பாலும் பக்கத்து காலேஜ்ல 10 அடி சிலை இருக்கும், அதுக்கு மேல ரெண்டு அடி, அவ்ளோதான் கணக்கு. மெட்டீரியல் பிரச்சனை, காசு பிரச்சனை, மூணு மாசம் பத்தாதுங்கற பிரச்சனை எல்லாமே அந்த ஒரு நம்பர்ல இருந்துதான் கிளம்புது, அதனால நீங்க கேட்ட வரிசையில இல்லாம நான் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கொஞ்சம் கணக்கு போடுங்க. ஒரு ஆளோட மேனி பரப்பு ஏறத்தாழ 2 சதுர மீட்டர். வெண்கலத்துல ஹாலோ காஸ்டிங், அதாவது உள்ள வெறுமையா விட்டு வார்ப்பு பண்ணி 5 மில்லிமீட்டர் கனம் வச்சா ஒரு சதுர மீட்டருக்கு 44 கிலோ வரும், அப்ப ஆள் உயர சிலைக்கு வெறும் மேனிக்கே 88 கிலோ, துணி மடிப்பு, முடி, கையில இருக்கிற சாமான் எல்லாம் தனி. இப்ப உயரத்தை ரெண்டு மடங்கு ஆக்குங்க, பரப்பு ரெண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும், 350 கிலோ. உங்களுக்கு ரெண்டு உருவம், 700 கிலோ, அதுக்கு மேல உருண்டை, சக்கரம், புத்தகம், சேட்டிலைட், அப்புறம் வார்ப்புல ஓட்டத்துக்கும் தேய்மானத்துக்கும் போற உலோகம். இதை எடுத்துட்டு சுவாமிமலையில ஒரு பட்டறையில போய் கிலோவுக்கு என்ன ரேட்னு கேட்டு பெருக்கிப் பாருங்க, 9 லட்சம் வார்ப்புக்கே பத்தாது, அப்புறம் கிரேன், லாரி, உங்க ஆளுங்க கூலி, நீங்க சாப்பிட வேண்டியது எல்லாம் எங்கிருந்து வரும்.

கல்லுன்னா இன்னும் மோசம். கல்லு கன கணக்கு, எட்டு மடங்கு. 12 அடி உயரம் 4க்கு 4 அடின்னு ஒரு கருங்கல் பாளம் எடுத்தா 192 கன அடி, கன அடிக்கு 75 கிலோன்னு வச்சா 14 டன்னுக்கு மேல. அதையே 6 அடி, 2க்கு 2ன்னு எடுத்தா 24 கன அடி, 1.8 டன். 14 டன்னுன்னா பெரிய கிரேனு, அந்த கிரேன் உள்ள வர ரோடு, அதை தாங்குற அஸ்திவாரம்னு ஊர்கோலம், 1.8 டன்னை ஒரு சின்ன ஹைட்ரா கிரேன் வண்டி அலட்டிக்காம தூக்கி வச்சிட்டு போயிடும். இந்த ரெண்டு கணக்கையும் ஒரு பேப்பர்ல எழுதி கமிட்டிக்கு முன்னாடி வைங்க, இன்ஜினியரிங் காலேஜ் தானே, நாலு மடங்கு எட்டு மடங்கு அவங்களுக்கு புரியாதுன்னு இல்ல.

உடனே அவங்க சொல்லப்போறது "அதான் ஃபைபர்ல பண்ணுங்கங்கறோமே". இதுல நீங்க வளைஞ்சு கொடுக்க வேண்டாம்னுதான் நான் சொல்வேன். ஃபைபர் கெட்ட பொருள்னு சொல்லல, மோல்டுக்கும் உள்ள வைக்கிற வேலைக்கும் அருமையான பொருள். ஆனா நாகப்பட்டினம் வெயில்ல வெட்டவெளியில நின்னா ரெசின் மேல்பரப்பு சுண்ணாம்பு பூத்த மாதிரி வெளுக்கும், ஹேர்லைன் கிராக் விடும், அதுக்குள்ள உப்புக்காத்து போய் நீங்க உள்ள வச்ச இரும்பு பைப்பை தின்னும், வெளியில இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. எடை இல்லாத பொருள்ங்கறதால காத்துல வேற தூக்கும். 2018 நவம்பர்ல கஜா புயல் கரையைக் கடந்தது எங்கன்னு நான் உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல, நீங்க சிலை வைக்கப்போற ஊர்லதான். வெண்கல கலர் அடிச்ச 12 அடி ஃபைபர் சிலை கேட்டுக்குள்ள இருந்து பறந்து ஒரு பைக் மேல விழுந்தா யாரு பதில் சொல்றது? அக்ரிமெண்ட் இல்லாத ஊர்ல நீங்கதான் சொல்லணும்.

சரி எந்த மெட்டீரியல். உப்புக்காத்துல நின்னு காட்டினது வெண்கலமும் கருங்கல்லும்தான். மெரினாவுல உழைப்பாளர் சிலை 1959ல இருந்து கடலோரமா நிக்குது, தேவி பிரசாத் ராய் சௌத்ரி செஞ்சது, நம்ம சென்னை ஓவியக் கல்லூரிக்கு முதல்வரா இருந்தவரு. அதுல இன்னொரு விஷயமும் பாருங்க, நாலு பேரு ஒரு பாறையை நெம்புறாங்க, வேற ஒண்ணுமே கிடையாது, அரிவாள் இல்ல, சக்கரம் இல்ல, கொடி இல்ல. உழைப்புன்னு எழுதி வைக்காமலே தெரியுது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு யாராவது சொன்னா 316 கிரேடுன்னு சொல்லி வாங்குங்க, 304 கடல் பக்கத்துல டீ கறை மாதிரி பழுப்பு பூக்கும், வெல்டிங் ஜாயிண்ட்ல முதல்ல பூக்கும். ஆர்கான் வெல்டிங் பண்றவரு அதே கிரைண்டிங் வீல்ல முன்னாடி சாதா இரும்பை தேச்சிருந்தார்னா அந்த துகள் ஒட்டிக்கிட்டு துருப்புள்ளி வரும், வீலை புதுசா வாங்கிக் கொடுங்க. இப்ப ஃபேஷனா இருக்கிற கார்ட்டென் ஸ்டீல், அந்த துருவே போர்வையா மாறி காப்பாத்தும்ங்கறாங்களே, அது கடலோரத்துக்கு ஆகாது, உப்பு இருக்கிற வரைக்கும் அந்த போர்வை கெட்டியாகவே ஆகாது, துரு உரிஞ்சுக்கிட்டே இருக்கும்.

ஆனா உங்களுக்கு நான் சொல்ல நினைக்கிறது சிமெண்ட். முகத்தை சுளிக்காதீங்க. நீங்க சுதை வேலை பாத்த கை, சிமெண்டுல உருவம் ஏத்தத் தெரிஞ்ச கை, பெரிய வெண்கல வார்ப்பு இதுவரைக்கும் பண்ணதா நீங்க எழுதல. சாந்திநிகேதன் வளாகத்துல ராம்கிங்கர் பைஜ் 1938ல செஞ்ச சந்தால் பழங்குடிக் குடும்பச் சிற்பம் சிமெண்டும் செம்புறைக்கல் சரளையும்தான், கம்பிக்கூட்டு மேல கலவையை வீசி வீசி ஏத்தினது. அந்த சொரசொரப்பை அவரு மறைக்கவே இல்ல, அந்த மண்ணு நிறம், அந்த மண்ணு மனுஷங்க, மூட்டை முடிச்சோட நடந்து போற ஒரு குடும்பம். இன்னைக்கு இந்திய நவீன சிற்பத்தைப் பத்தி யாரு பேசினாலும் அதைத் தொடாம போக முடியாது. சிமெண்டை சிமெண்டாவே விட்டா மரியாதை, அது மேல வெண்கல பெயிண்ட் அடிச்சாதான் அசிங்கம்.

ஆனா கடலோரத்துல சிமெண்டுக்கு நாலு கண்டிஷன் இருக்கு, இதுல ஒண்ணு விட்டாலும் பத்து வருஷத்துல வெடிச்சிடும். கலக்குற தண்ணி நல்ல தண்ணியா இருக்கணும், அந்த பக்கம் போர் தண்ணி பெரும்பாலும் உப்பு, லாரி தண்ணி வாங்குங்க, காலேஜ் பிளம்பர் குழாயை காட்டி "இதுதான் எல்லாரும் குடிக்கிறாங்க"ன்னு சொன்னாலும் டெஸ்ட் பண்ணாம நம்பாதீங்க. மணலும் அப்படித்தான், கழுவாத மணல்ல உப்பு இருந்தா வேலை போச்சு. கம்பிக்கு மேல கலவை கனம் 40, 50 மில்லிமீட்டராவது நிக்கணும், விரல், மூக்கு நுனின்னு மெல்லிசா வர்ற இடத்துல அவ்ளோ கனம் கிடைக்காது, அங்க மட்டும் ஸ்டெயின்லெஸ் கம்பி போடுங்க, அங்க இருக்கிற சாதா கம்பியோட அது தொடாம பாத்துக்கங்க. கம்பி துருப்பிடிச்சா வீங்கும், வீங்கினா கலவையை உள்ளிருந்து தள்ளும், அதான் பழைய மாடி சீலிங் பேந்து விழுறது. அப்புறம் க்யூரிங், ஈரச்சாக்கு போட்டு ரெண்டு வாரம், விழா நெருங்குதுன்னு அதுல கை வைக்கக் கூடாது.

ரெண்டு உலோகம் சேரக்கூடாதுன்னு சொன்னேன்ல, அதுக்கு பெரிய உதாரணம் நியூயார்க் சுதந்திர தேவி சிலை. வெளியில செம்புத் தகடு, உள்ள இரும்பு பட்டை, ரெண்டுக்கும் நடுவுல வச்ச தடுப்பு காலப்போக்குல வீணாகி, கடல் ஈரமும் சேர்ந்து இரும்பை அரிச்சு எடுத்துடுச்சு, 1980கள்ல உள்ள இருந்த பட்டையை எல்லாம் கழட்டி ஸ்டெயின்லெஸ்ல மாத்தினாங்க. நீங்க பிற்பாடு வெண்கலம் பண்ணும்போதும் இதை நினைவு வச்சுக்கங்க, உள்ள தாங்கலுக்கு சாதா ஆங்கிள் வச்சு வெல்டு அடிச்சு மூடுறது நம்ம ஊர் வழக்கம். அடியில தண்ணி வடிய ஓட்டையும் விடணும்.

இப்ப இடம். ரவுண்டானாவுக்கு யாரு நடந்து போறா? காலேஜ் பஸ் சுத்திட்டு போகும், சேர்மன் கார் சுத்தும், விருந்தாளி கார் சுத்தும். பிள்ளைங்க நடக்குறது கேன்டீனுக்கும் லைப்ரரிக்கும் நடுவுல. அந்த ரவுண்டானாவுக்கு 12 அடி தேவைப்படுறதே அது தூரத்துல இருந்து பாக்குற இடம்ங்கறதாலதான், அங்க 6 அடி வச்சா பொம்மை மாதிரி தெரியும், அது உண்மை. அதனால சைஸைக் குறைக்கச் சொல்லும்போதே இடத்தையும் மாத்தச் சொல்லுங்க, ஒரு மரத்தடி, ஒரு முற்றம், மனுஷன் பக்கத்துல வந்து நிக்கிற இடம். அங்க ஆறரை அடி போதும், ஏழு தாண்ட வேண்டாம். ஒரு நாள் காலையில போய் சாயங்காலம் வரைக்கும் அங்க உக்காருங்க, வெயில் எந்தப்பக்கம் இருந்து விழுது, முகம் எப்ப நிழல்ல போகுது, பின்னாடி என்ன தெரியுது, டிரான்ஸ்ஃபார்மரா, பேனரா, எல்லாம் குறிச்சுக்கங்க. கிழக்கு பாத்து வைக்கணும்னு வாஸ்து சொல்ற ஒருத்தர் கமிட்டியில கண்டிப்பா இருப்பாரு, அவரோட சண்டை போடாதீங்க, கிழக்கு வெளிச்சம் சிற்பத்துக்கு நல்லதுதான்.

பக்கத்துல வந்து நிக்கிற இடம்னா தொடுவாங்க, ஏறுவாங்க, செல்ஃபி எடுப்பாங்க, தோள்ல பை மாட்டுவாங்க. தொடக்கூடாதுன்னு போர்டு வச்சா இன்னும் ஏறுவாங்க. 1969ல யேல் பல்கலைக்கழகத்துல கிளேஸ் ஓல்டன்பர்க் ஒரு ராட்சச லிப்ஸ்டிக்கை டாங்கி சக்கரம் மேல நிறுத்தினாரு, வியட்நாம் போர் நேரம், மாணவர்களே சேர்ந்து கேட்டு செஞ்ச வேலை. சக்கரம் பிளைவுட்டு, நுனி காத்தடிச்சு நிமிர்த்துற மாதிரி வினைல். கொஞ்ச காலத்துலயே கிறுக்கலும் சேதமும் தாங்காம எடுத்துட்டுப் போய், உலோகத்துலயும் ஃபைபர்லயும் புதுசா பண்ணி 1974ல வளாகத்துலயே வேற இடத்துல வச்சாங்க. அங்கேயே அப்படின்னா நம்ம பசங்களைப் பத்தி சொல்லவே வேணாம், நீட்டின விரல், மெல்லிசான சேட்டிலைட் இறக்கை எல்லாம் முதல் கல்ச்சுரல்ஸ் முடியும்போது இருக்காது.

அந்த சேட்டிலைட்டுக்கு வருவோம். டிசைனை மாத்தச் சொல்லலாமான்னு கேட்டீங்க, சொல்லலாமா இல்ல, சொல்லித்தான் ஆகணும். புத்தகம், உருண்டை, சக்கரம், ராக்கெட், இதெல்லாம் காலேஜ் பிராஸ்பெக்டஸ் அட்டையில ஏற்கனவே இருக்கு. சும்மா "இது நல்லா இல்ல சார்"னு சொன்னா எடுபடாது, அவங்களுக்கு அந்த இடத்தைப் பத்தி அவங்களுக்கே தெரிஞ்ச ஏதாவது ஒண்ணைக் காட்டணும். சிகாகோ பல்கலைக்கழகத்துல ஹென்றி மூர் செஞ்ச ஒரு வெண்கல சிற்பம் இருக்கு, நியூக்ளியர் எனர்ஜின்னு பேரு, 1942 டிசம்பர் 2ல உலகத்துலயே முதல் தடவையா அணுக்கரு தொடர்வினையை கட்டுப்பாட்டோட நடத்தின அதே இடத்துல, சரியா 25 வருஷம் கழிச்சு அதே நாள்ல திறந்தாங்க. அதுல அணு படம் இல்ல, விஞ்ஞானி யாரும் டெஸ்ட் டியூபோட நிக்கல. ஒரு பக்கம் பாத்தா மண்டை ஓடு, ஒரு பக்கம் பாத்தா குண்டு வெடிச்ச புகைக்குடை, கீழ கோயில் தூண் மாதிரி. இடத்துல நடந்த ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டாரு, அவ்ளோதான்.

உங்க காலேஜ் நிக்கிற நிலம் 25 வருஷம் முன்னாடி என்னவா இருந்துச்சு, உப்பளமா, வயலா, கருவேலங்காடா? அங்க படிக்கிற பிள்ளைங்க யாரு? நாகை பக்கம்னா மீனவர் வீட்டுப் பிள்ளைங்களும் விவசாயக்கூலி வீட்டுப் பிள்ளைங்களும், வீட்டுல முதல் பட்டதாரிங்க நிறைய பேரு இருப்பாங்க. ஹாஸ்டலுக்கு முதல் நாள் பொட்டியோட வந்து நிக்கிற அப்பா அம்மாவை நீங்களே பாத்திருப்பீங்க. டிசைன் என்னன்னு நான் சொல்ல மாட்டேன், அது உங்க வேலை, ஆனா அந்தப் பக்கம் தேடுங்கன்னு சொல்வேன், மாணவர்கள் பத்து பேரோடயும் ஆரம்பத்துல இருந்து இருக்கிற ஒரு அட்டெண்டரோடயும் பேசிட்டு அப்புறம் களிமண்ணைத் தொடுங்க. கமிட்டி முன்னாடி போகும்போது ஒரே ஒரு மாடல் கொண்டு போங்க. மூணு கொண்டு போனா ஒண்ணுல தலை, ஒண்ணுல கால்னு கலந்து கேப்பாங்க.

மாடலை அவங்க ஒத்துக்கிட்டா அதுக்கு கீழ கையெழுத்து வாங்கணும், போட்டோ எடுத்து பிரிண்ட் போட்டு அது மேலயே. ஏன்னா கருத்து கடைசி நிமிஷத்துல உறுத்தும். அமெரிக்காவுல கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்துல 1970 மே 4ல தேசியக் காவல்படை சுட்டு நாலு மாணவர்கள் செத்தாங்க. அதுக்கு நினைவா 1978ல ஜார்ஜ் சீகல்கிட்ட ஒரு அறக்கட்டளை சிற்பம் கேட்டு, அவரு ஆபிரகாம் மகனை பலி கொடுக்க கத்தியோட நிக்கிற காட்சியை எடுத்தாரு. பல்கலைக்கழகம் வேண்டாம்னுடுச்சு. அது இப்ப பிரின்ஸ்டன் வளாகத்துல சர்ச் பக்கத்துல நிக்குது. சீகலுக்கு வேற இடம் கிடைச்சுது, உங்களுக்கும் எனக்கும் வீட்டு வாசல்தான்.

நிறுவனர் முகம். இதைத் தனியா பிரிங்க, தனி மார்பளவு சிலை, தனி ரேட், ஆடிட்டோரியம் வாசல்லயோ ஆபீஸ்லயோ தனி இடம். பீடத்துல முகத்தை ஒட்டினா மேல இருக்கிற வேலை என்னவா இருந்தாலும் அது நிறுவனர் சிலைதான், மாலை அதுக்குத்தான் விழும், மாலையில இருந்து தண்ணி உங்க சிமெண்டு மேலதான் வடியும். அதுவும் இறந்து போனவரு முகம்னா குடும்பத்துல ஆளுக்கு ஒரு முகம் ஞாபகம் இருக்கும், மூத்த பையனுக்கு கறார் அப்பா, பொண்ணுக்கு சிரிச்ச அப்பா, சம்சாரத்துக்கு முப்பது வயசு முகம். ஒரு போட்டோவை அவங்களே தேர்ந்தெடுத்து கொடுக்கணும், ஓகே சொல்ற ஆள் ஒரே ஒருத்தர், அவரு பேரு அக்ரிமெண்ட்ல இருக்கணும், களிமண்ல ரெண்டு தடவை திருத்தம் ஃப்ரீ, மூணாவதுக்கு காசு, மோல்டு எடுத்த பிறகு திருத்தமே கிடையாது. இதைக் கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே சொல்லணும், ஆனா எழுத்துல இருக்கணும்.

காசுக்கு வர்றேன். ஏற்கனவே ரெண்டு மினியேச்சர் சும்மா கொடுத்துட்டீங்க. இனிமே டிசைன் ஃபீஸ்னு தனியா ஒண்ணு வைங்க, வேலை நடந்தாலும் நடக்கலன்னாலும் அது உங்களுது, வீடு கட்டுறதுக்கு பிளான் போட்டா ஆர்க்கிடெக்ட்டுக்கு காசு கொடுக்கலையா என்ன. அப்புறம் நான் வழக்கமா கேக்குறது அக்ரிமெண்ட் போடும்போது 30 சதவீதம், களிமண் ஓகே ஆனதும் 30, பட்டறையை விட்டு வெளிய கிளம்புறதுக்கு முன்னாடி 30, நிறுத்தி முடிச்சதும் 10. கடைசி தவணையை எப்பவும் சின்னதா வைங்க, திறப்புவிழா முடிஞ்ச மறுநாள் உங்க போனை எடுக்க ஆள் இருக்காது. லாரி, கிரேன், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஃபீஸ், லைட், பெயர்ப்பலகை, வேலையாட்களுக்கு இன்சூரன்ஸ் எல்லாம் தனித்தனி வரியா கொட்டேஷன்ல வரட்டும். "எல்லாம் சேர்த்து"ங்கற வார்த்தைக்குள்ளதான் உங்க கூலி காணாம போகும். ஜிஎஸ்டி, டிடிஎஸ் எப்படின்னு உங்க ஊர் ஆடிட்டர்கிட்ட ஒரு மணி நேரம் உக்காந்து கேட்டுக்கங்க, காலேஜ் அக்கவுண்டன்ட் சொல்றதை வச்சு முடிவு பண்ணாதீங்க.

பீடத்தை சிவில் காண்ட்ராக்டர்கிட்ட விடாதீங்க, அதாவது அவரு கட்டட்டும், டிராயிங் உங்களுது. இல்லன்னா கிரானைட் டைல்ஸ் ஒட்டி, சுத்தி ஸ்டெயின்லெஸ் கைப்பிடி போட்டு, கலர் ஃபவுண்டன் விட்டு வச்சிருப்பாரு. கன்னியாகுமரி வள்ளுவர் சிலையை எடுத்துக்கங்க, மொத்தம் 133 அடி, அதுல பீடம் மட்டும் 38 அடி, அறத்துப்பால் 38 அதிகாரம், மேல 95 அடியில பொருளும் இன்பமும் நிக்குது. கணபதி ஸ்தபதி பீடத்தையும் சேர்த்துதான் சிலையா யோசிச்சிருக்காரு. உங்க ஆறரை அடி உருவத்துக்கு பீடம் முட்டி உயரம் போதும்னு எனக்குத் தோணுது, உக்கார்ற மாதிரி. ஃபவுண்டேஷன் போல்ட் எங்க வரணும், எத்தனை மில்லிமீட்டர்னு டெம்ப்ளேட் அடிச்சு நீங்களே கொண்டு போய் காங்கிரீட் போடும்போது பக்கத்துல நில்லுங்க, போல்ட் ஒரு இஞ்சு தள்ளிப் போச்சுன்னா கிரேன்ல சிலை தொங்கும்போதுதான் தெரியும். அந்தக் காலேஜ்லயே சிவில் டிபார்ட்மென்ட் இருக்குமே, காத்து அழுத்தம், அஸ்திவாரக் கணக்கை அங்க ஒரு புரொஃபசர் கையெழுத்தோட வாங்கிடுங்க. ஒரு வேளை கேட்டுக்கு வெளிய ரோட்டோரமா வைக்கலாம்னு பேச்சு வந்தா ஒரேயடியா மறுத்துடுங்க, பொதுச்சாலை, நடைபாதையில சிலை வைக்க அனுமதி தரக்கூடாதுன்னு 2013 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் உத்தரவே இருக்கு.

உங்க பேரு. விடுவாங்களான்னு கேக்காதீங்க, காப்பிரைட் சட்டம் 57வது பிரிவு, படைச்சவர் இவர்தான்னு சொல்லிக்கிற உரிமை உங்களுது, காப்பிரைட்டையே வித்துட்டா கூட அது உங்களை விட்டுப் போகாது. களிமண்லயே கையெழுத்தும் வருஷமும் போட்டுடுங்க, கீழ் ஓரத்துல, அடக்கமா. பெயர்ப்பலகையில முதல்வர், தாளாளர், திறந்து வைத்த அமைச்சர், முன்னிலை வகித்தவர்னு பதினாலு பேரு இருக்கும், சிற்பி பேரு இருக்காது, அதனால பலகை வாசகத்தையும் அக்ரிமெண்ட்ல ஒட்டிடுங்க.

அதே பிரிவுலதான் சிற்பி அமர்நாத் சேகல் போட்ட கேஸ். டெல்லி விக்யான் பவன்ல 140 அடி நீளத்துக்கு வெண்கல சுவர்ச்சிற்பம், 1957ல அரசாங்கம் கேட்டு செஞ்சது. 1979ல புதுப்பிக்கிறோம்னு அவருக்குச் சொல்லாம பேத்து எடுத்து குடோன்ல போட்டுட்டாங்க, துண்டு துண்டா சேதம். கோர்ட்டுக்கு போய் 2005ல டெல்லி ஹைகோர்ட் அவருக்கு 5 லட்சம் இழப்பீடும், மிச்சம் இருக்கிற துண்டுகளை அவர்கிட்டயே திருப்பிக் கொடுக்கணும்னும் தீர்ப்பு சொல்லுச்சு. சந்தோஷமான தீர்ப்புதான், ஆனா இருபத்தாறு வருஷம். வேலையைச் சிதைச்சாத்தான் இந்த உரிமை பேசும், காலேஜ் சும்மா பார்வைக்கு வைக்காம மூலையில தள்ளிட்டா அது மீறல் இல்லன்னு அதே பிரிவுல விளக்கமும் இருக்கு. அதனால இடம் மாத்தணும்னா, எடுக்கணும்னா உங்களுக்கு எழுத்துல முன்கூட்டி சொல்லணும், வேண்டாம்னா முதல்ல உங்களுக்கே திருப்பித் தரணும்னு ஒரு ஷரத்து போடுங்க.

காசு கொடுத்தவங்களுக்குத்தான் காப்பிரைட்னு அவங்க வக்கீல் சொல்லலாம். 17வது பிரிவுல அப்படி வர்றது போட்டோ, ஓவியம், என்கிரேவிங், சினிமா மாதிரி சிலதுக்கு, சிற்பம் அந்த லிஸ்ட்ல இல்ல. தனியார் காலேஜுக்கு நீங்க காண்ட்ராக்ட்ல, அவங்க சம்பள ஆளா இல்லாம செஞ்சு கொடுத்தா, எழுதிக் கொடுக்காத வரைக்கும் உரிமை உங்ககிட்டதான். யாரும் போட்டோ எடுத்துக்கலாம், மக்கள் வந்து போற இடத்துல நிரந்தரமா நிக்கிற சிற்பத்துக்கு அந்த தடை கிடையாது. ஆனா குட்டிக்குட்டியா காப்பி எடுத்து வர்ற விருந்தாளிக்கெல்லாம் நினைவுப்பரிசா கொடுக்கணும்னா உங்ககிட்ட கேட்டு, காசு கொடுத்து, எழுதி வாங்கணும். இது நிச்சயமா நடக்கும், இப்பவே ஒரு ரேட் யோசிச்சு வைங்க.

பராமரிப்புக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க, வருஷம் ஒரு தடவை நல்ல தண்ணியில கழுவுங்க, கிராக் விட்டா போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, எந்தக் காரணத்துக்காகவும் பெயிண்ட் அடிக்காதீங்க. இந்தக் கடைசி வரியை கொட்டை எழுத்துல போடுங்க, காலேஜுக்கு தரம் போட நாக் கமிட்டி வருதுன்னா மரத்துக்கே காவியும் வெள்ளையும் அடிக்கிற ஊரு இது.

மூணு மாசத்துல ஆறரை அடி சிமெண்ட் வேலை முடியுமான்னா, டிசைன் இன்னைக்கே முடிவாகியிருந்தா இழுத்துப் பிடிச்சு முடியும், ஆனா அது முடிவாகலையே. அதனால விழாவுக்கு வேற வழி சொல்லுங்க. விழா அன்னைக்கு இடத்தைக் குறிச்சு அஸ்திவாரக் கல் போடுவோம், மாடலை மேடையில திறந்து வைப்போம், நிறுவனர் மார்பளவு சிலை மட்டும் முடிச்சு அன்னைக்கே திறந்துடலாம், மூணு மாசத்துல அது தாராளமா முடியும். வர்ற அமைச்சருக்கு திறக்க ஒரு திரை இருந்தா போதும், பின்னாடி எத்தனை அடின்னு அவரு அளக்கப்போறதில்ல. பெரிய வேலையை அதுல இருந்து ஆறு மாசத்துல, அதே வெள்ளிவிழா ஆண்டு முடியுறதுக்குள்ள தர்றேன்னு தேதி போட்டுக் கொடுங்க.

இதை எல்லாம் ரெண்டு பக்க லெட்டரா தாளாளர் பேருக்கு எழுதி நேர்ல கொண்டு போய் கொடுத்து, ஆபீஸ்ல சீல் வச்சு ஒரு காப்பி வாங்கிக்கங்க. அந்த ரெண்டு மினியேச்சரையும் அப்பவே கையோட எடுத்துட்டு வந்துடுங்க, வேற யார்கிட்டயாவது காட்டி கொட்டேஷன் வாங்கிட்டு இருப்பாங்க. அவங்க பதில் எழுத்துல வந்து அட்வான்ஸ் அக்கவுண்ட்ல விழுற வரைக்கும் உள்ள வைக்கிற கம்பிக்கூட்டுக்குன்னு ஒரு கம்பி கூட வாங்காதீங்க. அக்ரிமெண்ட் டிராஃப்ட் ரெடியானதும் அனுப்புங்க, படிச்சுப் பாத்து சொல்றேன்.